நம்பர் பிளேட்டைப் படிக்கும் கண்ணுக்கு எல்லை எது?

(தக்கலையில் மஃரிபுக்குப் பின் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

 

குளச்சலில் மீன் ஏற்றி திருவனந்தபுரம் கொண்டு போகும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குத் தொலைபேசியில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. "இந்த வாரத்தில் மூன்று நாள், ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வண்டி களியக்காவிளையைத் தாண்டியிருக்கிறது. என்ன விஷயம்?" என்று கேட்டிருக்கிறார்கள். பாவம், அவர் என்ன சொல்வார்? "சார், மீன் ராத்திரியில்தான் போகும். விடிந்த பிறகு கொண்டு போனால் யார் வாங்குவார்கள்?" என்றிருக்கிறார். மறுமுனையில் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்களாம்.

பேசியவர் யார், எந்த நிலையம் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. ஆனால் "மௌலவி, நான் எதில் மாட்டிக்கொண்டேன்?" என்று அந்தச் சகோதரர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டேன், வழக்கறிஞர்களிடம் கேட்டேன், சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். அதைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன்.

அவர் எதிலும் மாட்டவில்லை. அவர் வண்டியின் எண் படிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

சாதாரணக் கேமரா படம் பிடிக்கும். அதைப் பார்க்க ஒரு மனிதர் உட்கார வேண்டும். நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா அப்படியல்ல. டி.என். 74 என்று நாகர்கோவில் வண்டி வந்தாலும், டி.என். 75 என்று மார்த்தாண்டம் வண்டி வந்தாலும், கே.எல். 01 என்று திருவனந்தபுரம் வண்டி வந்தாலும், அந்த எண்ணை எழுத்தாக மாற்றி, இடம், நாள், மணி ஆகியவற்றைச் சேர்த்துக் கணினியில் பதிந்துகொள்ளும். திருட்டு வண்டிகளின் பட்டியல் இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இல்லாத வண்டியின் பதிவு என்னவாகிறது? அழிக்கப்படுகிறதா, வைக்கப்படுகிறதா? வைக்கப்பட்டால் எத்தனை நாளைக்கு? யார் யார் திறந்து பார்க்கலாம்? நம் பேச்சு முழுவதும் இந்தக் கேள்விகளைப் பற்றியதுதான்.

'நம்பர் பிளேட் ஊர் பார்க்கத்தானே மாட்டியிருக்கிறது, அதில் என்ன ரகசியம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தடவை ஒருவர் பார்த்தால் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் ஆறு மாதம் ஒவ்வொரு சந்திப்பிலும் பார்த்ததை ஒரே கோப்பில் கோத்துப் பாருங்கள். நீங்கள் ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள், எந்த டாக்டரிடம் போகிறீர்கள், எந்த வக்கீலைப் பார்க்கிறீர்கள், கோட்டாறு மார்க்கெட்டில் யாரிடம் சரக்கு எடுக்கிறீர்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் மனைவிக்குத் தெரியாதது, ஏன், உங்களுக்கே மறந்து போனதுகூட அதில் இருக்கும்.

இதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 8ஆம் நாள் இரவு இதே களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு சார்பு ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது மனித குலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் கற்பிக்கும் பாடம். அந்தக் கொலைக்கு மார்க்கத்தில் இம்மியளவும் இடமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சில நாட்களிலேயே கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். அப்படிப்பட்ட வழக்கில் காவல்துறை கேமராப் பதிவைத் தேடுவதில் தவறே இல்லை. தேடத்தான் வேண்டும். குழந்தையைக் கடத்திக்கொண்டு போகும் வண்டியைக் கேமரா காட்டிக் கொடுத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்போம். நடந்த குற்றத்துக்காக ஒரு வண்டியைத் தேடுவது வேறு. குற்றமே நடக்காதபோது எல்லா வண்டிகளின் நடமாட்டத்தையும் சேர்த்து வைப்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். குழப்புகிறவர்களுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இந்த வித்தியாசத்தை நம் நாட்டு நீதிமன்றம் 60 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்களே தவிர, அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு இரவு நேரங்களில் போலீஸ்காரரும் ஊர்க்காவலரும் வந்து கதவைத் தட்டுவார்கள். தூங்குகிறவரை எழுப்பி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூர் போனால் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று எழுதி வைப்பார்கள். அந்த மாநிலப் போலீஸ் விதிகளின் 236ஆம் பிரிவில் இதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரவில் கதவைத் தட்டுவது செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் நடமாட்டத்தைக் குறித்து வைப்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். நீதிபதி சுப்பாராவும் அவரோடு சேர்ந்த நீதிபதி ஷாவும் மட்டும் மாறுபட்டார்கள். தன்னை எவரோ ஓயாமல் கவனிக்கிறார் என்ற நினைப்போடு நடக்கிறவன் சுதந்திரமாக நடக்கிறவன் ஆக மாட்டான் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

சகோதரர்களே! அன்று ஓர் ஆளுக்கு ஹிஸ்டரி ஷீட் திறக்க வேண்டுமென்றால் ஓர் அதிகாரி காரணம் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். ஊர்க்காவலர் பின்னாலேயே நடக்க வேண்டும். அவருக்கும் தூக்கம் வரும், கால் வலிக்கும். இன்றைய ஊர்க்காவலர் கம்பத்தின் உச்சியில் நிற்கிறார். அவருக்குத் தூக்கமில்லை. காரணம் எழுத வேண்டியதும் இல்லை. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல், அவர் ஒரு ஹிஸ்டரி ஷீட் எழுதிக்கொண்டே இருக்க முடியும்.

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. ஆகவே மார்க்கச் சட்டம் எடுக்க அல்ல, படிப்பினைக்காகச் சொல்கிறேன். இரவில் ரோந்து போனவர் ஒரு வீட்டில் தப்பான சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே இருந்தவரைப் பிடிக்கிறார். அந்த மனிதரோ, நான் செய்தது ஒரு தப்பு, நீங்கள் செய்ததோ மூன்று என்கிறார்: துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதி கேட்கவில்லை. கலீபா ஒப்புக்கொண்டு திரும்பி விடுகிறார். பிறர் குறையைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. ஆட்சியில் இருப்பவர் மக்களைச் சந்தேகக் கண்கொண்டே பார்த்தால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழியும் உண்டு. 'மடியில் கனமில்லையே, பிறகு எதற்குப் பயம்?' என்று கேட்கிற நம்மவர்களும் இதைக் கொஞ்சம் சிந்திக்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: அந்தரங்கம் அடிப்படை உரிமை. கரக் சிங் வழக்கில் அந்தரங்க உரிமை இல்லை என்று சொன்ன பகுதியும் அன்றோடு போயிற்று. அந்த உரிமையில் அரசு கைவைக்க வேண்டுமானால் முதலில் அதற்கென்று ஒரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். அதிகாரியின் நல்லெண்ணம் போதாது, சுற்றறிக்கை போதாது. சட்டம் வேண்டும்.

நம்பர் பிளேட் கேமராவுக்குச் சட்டம் இருக்கிறதா? பாதி இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் கீழ் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி வந்தது. அதில் நம்பர் பிளேட் படிக்கும் கருவியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த விதி என்ன சொல்கிறது தெரியுமா? கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதிக்கு முன்னாலேயே வண்டியோட்டிக்குக் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அபராத விவகாரம் முடியும் வரை பதிவை வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். அடுத்த முறை தக்கலையிலிருந்து களியக்காவிளை போகும்போது எத்தனை கேமரா, எத்தனை பலகை என்று எண்ணிக்கொண்டே போங்கள். எது எண்ணைப் படிக்கிற கேமரா, எது வெறும் கேமரா என்று கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. அதனால்தானே பலகை வைக்கச் சொன்னது!

ஆனால் அந்த விதி, வேகமாகப் போனவன், ஹெல்மெட் போடாதவன், சிக்னலை மீறியவன் ஆகியோருக்கானது. எந்த விதியும் மீறாமல் மீன் கொண்டு போனவரின் மூன்று இரவுப் பதிவுகளை யார் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எதற்காகத் திறக்கலாம் என்று சொல்ல நாடாளுமன்றமும் சட்டம் போடவில்லை, நம் சட்டமன்றமும் போடவில்லை. மீதிப் பாதி இதுதான்.

2023இல் எண்ணிம வடிவத் தனிமனிதத் தரவுகளைக் காக்க ஒரு சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. அதன் 17ஆம் பிரிவைப் படியுங்கள். நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி எந்த அரசு அமைப்பை வேண்டுமானாலும் மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் சட்டத்துக்கு வெளியே வைக்கலாம். குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க என்றால் அதற்கும் விலக்கு உண்டு. கடைக்காரர் உங்கள் போன் நம்பரை வைத்திருந்தால் கணக்குக் கேட்கும் சட்டம், அரசிடம் வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு விஷயத்தில் இந்த ஓட்டையை நீதிமன்றமே ஓரளவு அடைத்தது. 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்து மூலம் உத்தரவு வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. 2025 ஜூலை 2ஆம் நாள் நம் சென்னை உயர் நீதிமன்றமும், பொது அவசரநிலையோ பொதுமக்கள் பாதுகாப்போ இல்லாத ஒரு லஞ்ச வழக்கில் போனை ஒட்டுக்கேட்க 2011இல் கொடுத்த உத்தரவை ரத்து செய்தது. வாயால் பேசியதைக் கேட்க இத்தனை பூட்டு. காலால் போனதைக் குறித்து வைக்க ஒரு பூட்டும் இல்லையென்றால் அது என்ன நியாயம்?

இது ஏதோ நம் மாவட்டத்துப் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். 2010இல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்களை நிறுத்தினார்கள். பெரும்பாலானவை நம்பர் பிளேட் படிப்பவை. 72 கேமராக்கள் மறைத்து வைக்கப்பட்டவை. வாகனத் திருட்டையும் சில்லறைக் குற்றங்களையும் தடுக்க என்று மக்களிடம் சொன்னார்கள். கடைசியில் பணம் வந்த வழியைத் தோண்டினால், பயங்கரவாதத் தடுப்பு நிதி! மக்கள் என்ன செய்தார்கள்? கல்லெறிந்தார்களா? இல்லை. கூட்டம் போட்டார்கள், கேள்வி கேட்டார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், வழக்குக்கு ஆயத்தமானார்கள். வேறொரு வட்டாரக் காவல்துறைத் தலைவரான சாரா தார்ன்டன் விசாரித்து, சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறோமா என்று யோசித்ததற்கான அடையாளமே சொற்பம் என்று அறிக்கை கொடுத்தார். கேமராக்களுக்குப் பை மாட்டி மூடினார்கள். 2011இல் கழற்றியே விட்டார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் போலீசார் பள்ளிவாசல் தெருக்களில் நம்பர் பிளேட் படிக்கும் கருவி பொருத்திய கார்களை ஓட்டி, தொழ வந்தவர்களின் வண்டி எண்களைத் திரட்டிய செய்தியை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. அதே அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்றொரு மாநிலம், பட்டியலில் இல்லாத வண்டியின் பதிவை மூன்று நிமிடத்தில் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2008இல் இரண்டு மாநிலங்களின் நம்பர் பிளேட் சட்டங்களைச் செல்லாது என்றது. 2018இல் இன்னும் ஒருபடி போய், பட்டியலோடு பொருந்தாத வண்டியைச் சோதிப்பதுகூட உரிமையில் கைவைப்பதுதான், அதற்கும் தக்க காரணம் வேண்டும் என்றது. நம் நாட்டிலும் அளவுகோல் இல்லாமல் இல்லை. 2018 செப்டம்பரில் ஆதார் தீர்ப்பு, சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்தாண்டு வைக்கலாம் என்ற விதியைத் தள்ளி, ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்றது. ஆதாருக்கு ஒரு கெடு என்றால் வண்டி எண்ணுக்கும் ஒரு கெடு வேண்டாமா?

வணிகர் சகோதரர்களிடம் தனியாகப் பேச வேண்டியது ஒன்று உண்டு. கடைத்தெருவுக்குக் கேமரா வேண்டும், சங்கம் பணம் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருட்டுப் போனால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இது நம்பர் பிளேட் படிக்குமா? பதிவு எங்கே போய்ச் சேரும்? எத்தனை நாளில் அழியும்? பள்ளிவாசல் வாசலை நோக்கித் திருப்பப்படுமா? ஐந்நூறு ரூபாய் மிக்சிக்கு வாரண்டி அட்டை கேட்கிற நாம், லட்சக்கணக்கில் கொடுக்கும் கேமராவுக்கு ஒரு தாள் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்? தாள் கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2023இல் 726 கேமராக்களோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள். சாலை மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு அதன் அபராதம் தெரிந்திருக்கும். அந்த ஆண்டே திருவனந்தபுரத்தில் ஒரு செய்தி. ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் வண்டியில் போகிறார், பின்னால் ஒரு பெண். வண்டி மனைவி பெயரில். அபராத அறிவிப்போடு படமும் மனைவியின் போனுக்குப் போய், வீட்டில் சண்டை, காவல் நிலையம், கைது வரை போயிற்று. சிரிக்கிறீர்கள். அவர் செய்தது சரியா தப்பா என்பது வேறு விஷயம். ஹெல்மெட்டுக்காக எடுத்த படம் எதற்கெல்லாம் போய் நின்றது என்று பாருங்கள்.

இளைஞர்களே! உரிமை பேசுகிறவன் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் பிறை ஒட்டுவது, எண்ணை வளைத்து எழுதுவது, பக்கத்தில் 786 போடுவது எல்லாம் சட்டப்படி குற்றம். 786க்கு மார்க்கத்திலும் ஆதாரம் கிடையாது, பல தடவை சொல்லியாகிவிட்டது. கேமராவுக்குத் தெரியாமல் பிளேட்டை மடிக்கிறவன் நம் வாதத்தையே மடித்துவிடுகிறான். இன்னொன்று, பழைய வண்டியை விற்றால் பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்துவிடுகிறீர்கள். 2022 அக்டோபர் 23இல் கோவையில் வெடித்த கார் பலர் கை மாறிய கார். முன்பு அதை வைத்திருந்தவர்களையெல்லாம் தேடிப் போய் விசாரித்தார்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களில் பெயர் மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பிறகு செய்யலாம் என்று விட்டால், எங்கோ ஒரு கேமரா உங்கள் பெயரைச் சொல்லும்.

போனில் கூப்பிட்டு விசாரித்தால் பயந்து உளற வேண்டாம், திமிராகவும் பேச வேண்டாம். "சார், எழுத்து மூலம் அழைப்பு கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு வழக்கின் விசாரணைக்குச் சாட்சியை அழைக்க எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 160ஆகவும் இதுவேதான் இருந்தது.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். கேமரா எங்கே இருக்கிறது என்று அதில் கேட்கவில்லை. கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க வழி கொடுத்தது ஆகும். நாம் கேட்பது இவைதான்: நம்பர் பிளேட் பதிவுகள் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எடுக்கப்படுகின்றன, வழக்கில்லாத வண்டியின் பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படுகிறது, அதைத் திறந்து பார்க்க எந்தப் பதவியில் உள்ளவர் அனுமதி தர வேண்டும், திறந்தவர் பெயர் பதியப்படுகிறதா, 167ஏ விதிப்படி சான்று பெற்ற கருவிகள் மாவட்டத்தில் எத்தனை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. மனு தமிழில் ஒரு பக்கம்தான். இஷா தொழுகைக்குப் பிறகு படிகளை வாசலில் கொடுப்பார்கள். முதல் மனுவில் அந்தக் குளச்சல் சகோதரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதோ, கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று ராத்திரியும் லோடு இருக்கிறதாம், அதனால் அவரைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள்.